நீல அட்டைப் புத்தகம்

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? ராணி மரி அந்துவானெத்! அந்த அம்மா நகை, கவுன், சூதாட்டம் என்று இறைத்ததில்தான் கஜானா காலியானது என்று நம்மை நம்ப வைத்துவிட்டார்கள். பாவம்! 1788-ம் வருடக் கணக்கைப் பாருங்கள். மொத்தச் செலவில் அரண்மனைக்குப் போனது சுமார் 6 சதவிகிதம்தான். ஏறக்குறைய பாதியைக் கடன் விழுங்கியது.

அவ்வளவு கடன் எப்படி வந்தது?

பிரிட்டனை எதிர்த்து அமெரிக்கா நடத்திய சுதந்திரப் போரில் 1778-ல் பிரான்ஸும் குதித்தது. (அதே வருடம் பிரிட்டிஷார் நம்ம புதுச்சேரியை வளைத்துப் பிடித்தது தனிக்கதை.) நிதிப் பொறுப்பில் இருந்தவர் ஜாக் நெக்கர். ஜெனீவாக்காரர், பேங்கர். பெரும்பாலும் கடனை வாங்கியே போரை நடத்திக் காட்டினார். அதில் ஒரு திட்டம் ரொம்ப விசேஷம். நீங்கள் ஒரு தொகையைக் கொடுத்தால், நீங்கள் கைகாட்டும் நபர் உயிரோடு இருக்கும்வரை வருடாவருடம் பணம் வரும். அந்த நபர் எழுபது வயதுக் கிழவரா, ஏழு வயதுக் குழந்தையா என்று அரசு பார்க்கவில்லை! ஜெனீவா பேங்கர்கள் விடுவார்களா? அம்மை வந்து தேறிய, நல்ல குடும்பத்துச் சின்னப் பெண்களாகத் தேடிப் பிடித்து, அவர்கள் ஆயுளின் மேல் பணத்தைக் கட்டினார்கள். அந்தக் குட்டிகளுக்கு ஜுரம் வந்தால் பேங்கர்களுக்குத் தூக்கம் போயிருக்கும்!

1781 பிப்ரவரியில் நெக்கர் ஒரு காரியம் செய்தார். அதுவரை பரம ரகசியமாக இருந்த ராஜாவின் வரவு செலவை, நீல அட்டை போட்டுப் புத்தகமாக விற்றார். ஆயிரக்கணக்கில் பறந்தது. உள்ளே, 1 கோடியே 2 லட்சம் லிவர் உபரி!

போர் நடக்கும்போது உபரியா? 'சாதாரண' வரவு செலவை மட்டும் காட்டிவிட்டு, போர்ச் செலவை 'அசாதாரணம்' என்று வெளியே வைத்துவிட்டார், அவ்வளவுதான். பெண் கல்யாணச் செலவை எழுதாமல் 'இந்த மாசம் மிச்சம்' என்று சொல்கிற மாதிரி. நெக்கருக்காக வாதாடும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. ஆனால், ஊர் நம்பிவிட்டதே!

சில வருடங்களில் நிதியமைச்சர் கலோன் கணக்கைக் கிளறினார். பற்றாக்குறை 10 கோடி லிவருக்கும் மேல். 1787 பிப்ரவரியில் வெர்சாய்க்கு 144 பிரமுகர்கள் வரவழைக்கப்பட்டார்கள். பிரபுவோ, பிஷப்போ, நிலம் இருந்தால் வரி கட்டித்தான் ஆகவேண்டும் என்றார் கலோன். வரியே கட்டிப் பழகாதவர்களுக்கு நீலப் புத்தகம் வசமாகக் கிடைத்தது. 'ஆறு வருஷம் முன்னால் உபரி இருந்ததே, அதை என்ன செய்தாய்?'

ஏப்ரலில் கலோனுக்கு வேலை போனது, இங்கிலாந்துக்கு ஓடினார். 1788-ல் மறுபடி அழைக்கப்பட்டவர்? அதே நெக்கர்! 1789 ஜூலை 11 அன்று ராஜா அவரை நீக்க, மறுநாள் பாரிஸ் ஜனங்கள் நெக்கரின் மெழுகுச் சிலையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து விழுந்ததுதான் பாஸ்டில் சிறை.