கரையேறியும் கரையேறாதவர்கள்

உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதால் 1845-இல் தொடங்கி ஏழாண்டுகள் அயர்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டதையும், அதற்கும் மேற்பட்டோர் தாய்நாட்டைத் துறந்து கப்பலேறியதையும் சென்ற வாரம் கண்டோம். உயிர் பிழைத்து பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இறங்கியவர்களுக்குக் கிடைத்த வரவேற்பை எழுத முற்படுகையில் நெஞ்சு கனக்கிறது. எழுத்தறிந்த ஒருவனை அண்டி, 'ஆள் தேவை' விளம்பரத்தைப் படிக்கச் சொல்லிக் காத்து நின்றவனுக்கு, வேலையும் விலாசமும் சொன்ன பிறகு அடியில் வந்த 'ஐரிஷார் விண்ணப்பிக்க வேண்டா' என்ற வரி காதில் விழுந்தபோது எப்படி இருந்திருக்கும்!

துவேஷத்தின் ஆணிவேர் மதத்தில் இருந்தது. போப்பாண்டவருக்குக் கட்டுப்பட்ட கத்தோலிக்கர் குடியரசுக்கு விசுவாசமாயிரார் என்று பிராட்டஸ்டண்ட் பிரசங்கிகள் பலர் மூட்டிய தீ, பாஸ்டனை அடுத்த சார்ல்ஸ்டவுனில் 1834-லேயே ஒரு கன்னிமாடத்தைப் பொசுக்கிற்று. 1844-இல் பிலடெல்பியாவில் புனித அகுஸ்தீனார் ஆலயத்தை அதன் புத்தகசாலையோடு சாம்பலாக்கிற்று. பத்தாண்டு கழித்து, தங்கள் இரகசியச் சங்கத்தைப் பற்றி எவர் கேட்டாலும் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று விடையளித்ததால் 'ஒன்றுமறியாதார்' எனப் பெயர் பெற்ற கட்சியார், மாஸாசூஸெட்ஸ் சட்டசபையை ஏறக்குறைய முழுவதுமே கைப்பற்றினர்.

தீயைக் காட்டிலும் நெடுநாள் நின்றது சித்திரம். 1871-இல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' வெளியிட்ட படமொன்றில், குரங்கின் தாடை கொண்ட ஐரிஷ்காரன் ஒருவன் வெடிமருந்துப் பீப்பாயின்மேல் அமர்ந்து, ஒரு கையில் மதுப்புட்டியும் மறுகையில் எரியும் பந்தமுமாக ஆர்ப்பரிக்கிறான். வரைந்த தாமஸ் நாஸ்ட், தாமும் சிறுவனாக ஜெர்மனியிலிருந்து குடியேறியவரே. கறுப்பு மக்களுக்காகவும் சீனருக்காகவும் பரிந்து படம் போட்டவர். அத்தகையவர் கண்ணுக்கும் ஐரிஷ்காரனுக்கு மனித முகம் இருப்பது புலப்படவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிய துயரம்.

பெண்களுக்கு நேர்ந்தது இன்னொரு விதம். அயர்லாந்தின் காவல் புனிதையான பிரிஜட்டின் பெயரைப் பெண்மக்களுக்கு இடுவது அங்கே வழக்கமாதலால், வீட்டு வேலைக்கு வந்த ஐரிஷ் பெண் மேரியானாலும் கேத்தரினானாலும் எஜமானிகள் பலருக்கு அவள் பிரிஜட்தான். பீங்கானை உடைப்பவளாகவும் எஜமானியை மிரட்டும் மூர்க்கையாகவும் அவளை ஹாஸ்யப் பத்திரிகைகள் வரைந்து தள்ளின. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, மாடிப்படிகளைத் துடைத்து, இரவில் கூரையடி அறையில் முடங்கிய அந்தப் பெண்ணோ, சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஊருக்கு அனுப்பினாள்; அந்தப் பணத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு அவள் தங்கை கப்பலேறினாள்.

(தொடரும்)