உலகைப் படைத்தவர் உண்டோ?

உலகம் எவரால் படைக்கப்பட்டது என்னும் வினாவிற்குச் சமண ஆசாரியர் அளித்த விடைகளுள் சிறந்த ஒன்று வடமொழி ஆதிபுராணத்தின் நான்காம் பருவத்தில் உள்ளது. அதனை இயற்றிய ஜினசேனாசாரியர், 9ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் முதலாம் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்தவர்.

படைப்பிற்கு முன் படைத்தவன் எங்கிருந்தான்? மூலப்பொருள் முன்னரே இருந்தது எனில் அதனைப் படைத்தவர் யார்? குறைவிலா நிறைவினன் எனில் படைக்கும் விருப்பம் எழுந்தது ஏன்? விளையாட்டாகப் படைத்தான் எனில் அது சிறுவர் செயலன்றோ? அருளால் படைத்தான் எனில் துன்பமில்லா உலகை ஏன் படைக்கவில்லை? இவ்வாறு வினவி, உலகம் தோற்றமும் முடிவும் அற்றது என நிறுவுகிறார் ஜினசேனர். உயிர், புற்கலம் முதலிய பொருள்கள் தத்தம் இயல்பால் மாறுபடுகின்றன. அவை புதிதாகத் தோன்றுவதும் இல்லை, அடியோடு அழிவதும் இல்லை.

இக்கொள்கை பற்றிப் பிறர் சமணரை நாத்திகர் என்றனர். ஆயின் ஆதிபுராணம் போற்றுவது முதல் தீர்த்தங்கரராகிய ரிஷபதேவரை அன்றோ? வினை நீக்கி முழுதுணர்ந்த அருகனே சமணர்க்கு இறைவன். அவர் நெறி காட்டியவர். நடத்தல் நம் கடன். இன்பதுன்பங்கள் அவரவர் வினைப்பயனாதலின், பழியை இறைவன்மேல் ஏற்ற இடமில்லை.

ஜினசேனரின் இவ்வாதத்தைக் கார்ல் சேகன் 1980இல் வெளிவந்த தம் ‘காஸ்மாஸ்’ நூலில் எடுத்தாண்டுள்ளார். ஜினசேனர் முடிக்காது விட்ட மகாபுராணத்தை நிறைவு செய்தவர் அவர்தம் மாணாக்கர் குணபத்திரர். அதன் வழிவந்ததே தமிழ்ச் சமணர் போற்றும் ஸ்ரீபுராணம். அதனை ஓதுவோர் இவ்வாதத்தையும் உடன் கற்பின், பக்தியும் பகுத்தறிவும் முரணாதவை என்பதை இளையோர்க்கு எளிதில் உணர்த்தலாம்.