சம்பளத்தோடு ஒரு நாள் லீவு

2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் பெண்கள் தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓசூர் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்துத் தொழிற்சாலைகளும் காலியாயின. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் போக வேண்டிய வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. மறுநாள் மைசூர் ரோடு, துமகூரு ரோடு, ஜாலஹள்ளி என்று மறியல் பரவியது. தடியடி நடந்தது, பஸ்கள் எரிந்தன. இந்தப் போராட்டத்துக்கு எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் செய்தி கேட்டுத்தான் ஓடிவந்தார்கள்.

காரணம் பி.எஃப். பணம். வேலையை விட்டால் தொழிலாளியின் பங்கோடு முதலாளியின் பங்கையும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை, மத்திய அரசு அந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று ஓர் அறிவிக்கை போட்டு மாற்றியிருந்தது. முதலாளியின் பங்கு இனி 58 வயதில்தான் கிடைக்கும். ஏப்ரல் 19 அன்றே, போராட்டத்தின் இரண்டாம் நாள், மத்திய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அந்த அறிவிக்கையை ரத்து செய்வதாக அறிவித்தார்.

கர்நாடகத்தில் உழைக்கும் பெண்களுக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு மாதவிடாய் விடுப்பு வந்த கதையை எழுதுகிறவர்கள் 2025 அக்டோபர் 9-ஆம் தேதி அமைச்சரவைக் கூட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அந்தக் கதை ஓசூர் ரோட்டில் தொடங்குகிறது. அன்று அந்தப் பெண்கள் காக்க வந்தது வெறும் சேமிப்பை அல்ல. பி.எஃப்.தான் அவர்களுக்கு இருந்த ஒரே நீண்ட லீவு.

அது எப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். லைனில் உட்கார்ந்து காலர் தைக்கிற ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை, அல்லது மகளுக்குப் பிரசவம், அல்லது மாமியார் படுத்த படுக்கை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் லீவு கேட்டால் கிடைக்காது. எனவே ராஜினாமா எழுதிக் கொடுப்பாள். அப்போதைய விதிப்படி இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபின் பி.எஃப். கைக்கு வரும். வட்டிக்கடனை அடைப்பாள், உடம்பைத் தேற்றிக்கொள்வாள், அடுத்த தொழிற்சாலையில் புது ஆளாகச் சேருவாள். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் கிராஜுவிட்டி என்பதால், ஒவ்வொரு ராஜினாமாவிலும் அந்தக் கணக்கு பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். தொழிற்சாலைக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பிணிக்காலத்துச் செலவை அவளே தன் சம்பளத்திலிருந்தும் தன் பணிக்காலத்திலிருந்தும் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டினாலே கண்ணும் இடுப்பும் டார்கெட்டுக்கு ஒத்துழைக்காத ஒரு வேலையில், ஐம்பத்தெட்டு வயது வரை பொறு என்று சொன்னால் யார்தான் பொறுப்பார்கள்?

சட்டம் அவளுக்கு வேறு என்ன வைத்திருந்தது என்றும் பார்க்க வேண்டும். 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஈட்டிய விடுப்பு தந்தது. நோய்க்கென்று தனி விடுப்பு அதில் கிடையாது. அதே 1948-இல் வந்த ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது எல்லாரும் சொல்லும் ஈ.எஸ்.ஐ., அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம் அது. நோயுற்ற தொழிலாளிக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. பெரிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. காசநோயும் விபத்தும் வந்த எத்தனையோ குடும்பங்களை அது தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் அதில் ஒரு விதி உண்டு. நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. மூன்றாம் நாளிலிருந்துதான் கணக்கு. பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் விலக்கு. மாதவிடாய் வலியோ ஒரு நாள் காய்ச்சலோ வந்து மறுநாள் வேலைக்குத் திரும்புகிற பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ.யிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

இனி கர்நாடக மாநிலச் சட்டம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். 1961-இன் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், ஈட்டிய விடுப்பு போக, நோய்க்காகவோ வேறு நியாயமான காரணத்துக்காகவோ ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. ஜவுளிக்கடையில் சட்டையை விற்கிறவருக்கு அந்த 12 நாள் உண்டு. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தச் சட்டையின் ஏற்றுமதிக் கணக்கை எழுதுகிறவருக்கும் உண்டு. சட்டையைத் தைக்கிறவளுக்கு இல்லை. ஓசூர் ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை செய்கிற பெண்களுக்கு ஒரே உடம்பு, இரண்டு சட்டம். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேறுபாட்டை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

கர்நாடகத்தில் ஆடைத் தொழிலாளர் சுமார் 4 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். மண்டியா, ராமநகரா, கோலார், துமகூரு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்களும், இப்போது ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து ஹாஸ்டல்களுக்கு அழைத்துவரப்படும் இளம்பெண்களும். லைனில் ஒருத்தி வராவிட்டால் அவள் செய்யும் பீஸ் அடுத்தவள் மெஷினில் குவியும். மணிக்கு இத்தனை என்ற டார்கெட் குறையாது. சூப்பர்வைசரின் கோபம் மட்டுமல்ல, கூட வேலை செய்கிறவளின் முகச்சுளிப்பும் லீவு எடுக்கவிடாமல் தடுக்கும். பாத்ரூம் போகும் நேரத்தை மிச்சம் பிடிக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு வீடு திரும்புகிறவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். மாதவிடாய் நாளில் இதன் கடுமையைச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பெண்களைச் சங்கமாகத் திரட்டுவது எளிதாக இருக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் நோட்டீஸ் வாங்கினாலே மறுநாள் விசாரணை. அதனால் வேலை வாசலை விட்டுத் தெருவுக்குப் போனது. சிவிடெப் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு முன்னடே என்ற பெண்கள் அமைப்பு உருவாகி, குடியிருப்புகளில் சுய உதவிக் குழுக்களாகக் கூடியது. சேமிப்பைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவர்கள், குடிகாரக் கணவனைப் பற்றியும் சூப்பர்வைசரின் வாயைப் பற்றியும் பேசினார்கள். அங்கிருந்து 2006-இல் கார்மென்ட் அண்ட் டெக்ஸ்டைல் ஒர்க்கர்ஸ் யூனியன் என்ற சங்கம் பிறந்தது. 2012-இல் பெண்களே தலைமையேற்ற கார்மென்ட் லேபர் யூனியன் வந்தது. உறுப்பினர் எண்ணிக்கையில் இவை இன்றும் சிறிய சங்கங்கள்தாம். ஆனால் உடம்பைப் பற்றியும் லீவைப் பற்றியும் பேசுவது சங்க வேலைதான் என்பதை இவர்கள்தான் நிலைநாட்டினார்கள். ஆண்கள் நடத்திய பழைய சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் கழிவறைக்கு இவ்வளவு இடம் இருந்ததில்லை.

சட்டம் எழுதியதோடு வேலை முடியாது என்பதையும் பெங்களூரு இவர்களுக்குக் கசப்பாகவே கற்றுக் கொடுத்தது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய பஞ்சப்படி உயர்வு மாதம் 417 ரூபாய். பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் அதைக் கொடுக்க மறுத்தன. உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன பிறகும் தரவில்லை. சங்கங்களும் ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்டியம் என்ற அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பும் வெளிநாட்டு பிராண்டுகளின் கதவைத் தட்டிய பிறகு, 2022 தொடக்கத்தில்தான் பாக்கி கைக்கு வர ஆரம்பித்தது. 417 ரூபாய்க்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு.

மாதவிடாய் விடுப்பு என்ற யோசனை கர்நாடகத்தில் முளைத்தது அல்ல. ஜப்பான் 1947-இன் தொழிலாளர் சட்டத்திலேயே அதை எழுதிவைத்தது. சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. இன்று அங்கே அதை எடுத்துக்கொள்கிற பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்கின்றன அந்நாட்டுக் கணக்கெடுப்புகள். இந்தியாவில் முதலில் வந்தது பிகாரில். அரசு ஊழியர்களின் நெடிய வேலைநிறுத்தத்துக்குப் பின், 1992-இல் லாலு பிரசாத் அரசு, பெண் ஊழியருக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு தந்தது. அதுவும் பரிசாக வந்ததல்ல, பேரத்தில் வென்றது. அதன்பின் கால் நூற்றாண்டு பேச்சே இல்லை. அருணாசலப் பிரதேச எம்.பி. நினோங் எரிங்கின் தனிநபர் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. சொமேட்டோ போன்ற கம்பெனிகள் 2020-இல் தாமாக அறிவித்தன. 2024 ஜூலையில் ஒரு பொதுநல மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுப்பதே குறைந்துவிடலாம் என்று கவலை தெரிவித்து, இது அரசுகள் முடிவு செய்ய வேண்டிய கொள்கை என்று சொல்லிவிட்டது.

அந்த முடிவைக் கர்நாடகம் எடுத்தது. கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் சப்னா தலைமையில் 18 பேர் குழு அமைந்தது. முதலில் ஆண்டுக்கு 6 நாள் என்றிருந்த யோசனை, தொழிலாளர் அமைச்சர் சந்தோஷ் லாட் அமைச்சரவையில் வைத்தபோது 12 ஆகியிருந்தது. 2025 நவம்பர் 20 அன்று அரசாணை வந்தது. 18 முதல் 52 வயது வரையுள்ள பெண்களுக்கு மாதம் ஒரு நாள். நிரந்தரம், ஒப்பந்தம், அவுட்சோர்ஸிங் என்ற வேறுபாடு இல்லை. மருத்துவச் சான்று வேண்டாம். ஒரு மாத லீவை அடுத்த மாதத்துக்குச் சேர்த்துவைக்க முடியாது. தொழிற்சாலை, கடை, தோட்டம், பீடி, மோட்டார் போக்குவரத்து ஆகிய ஐந்து சட்டங்களின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். சான்று வேண்டாம் என்ற வரியைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஒரு நாள் வலிக்கு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் வரிசையில் பாதி நாள் நின்று சீட்டு வாங்கி வரச் சொன்னால், அது லீவே அல்ல.

டிசம்பர் 9 அன்று, பெங்களூரு ஓட்டல்கள் சங்கமும் வேறொரு நிறுவனமும் போட்ட மனுவில் உயர் நீதிமன்றம் காலையில் ஆணைக்குத் தடை விதித்து, அரசுத் தரப்பு முறையிட்டதும் அன்றே தடையைத் திரும்பப் பெற்றது. மனுதாரர்களின் வாதத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட முடியாது: மூலச் சட்டங்களில் இல்லாத விடுப்பை நிர்வாக ஆணை ஒன்றால் சேர்க்க முடியுமா? சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டமாக இது வந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆணை வந்த மறுநாளே, நவம்பர் 21 அன்று, மத்திய அரசு நான்கு புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்து பழைய தொழிற்சாலைச் சட்டத்தையே நீக்கிவிட்டது. அதனால் தனிச்சட்டத்தின் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

பெண்களை வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடைத் தொழிற்சாலை அப்படிச் செய்ய முடியாது. குறைந்த கூலிக்கு நுணுக்கமான வேலை செய்யும் பெண் கைகளை நம்பித்தான் அந்தத் தொழிலே நிற்கிறது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகம் செய்யக்கூடும். அதற்கு மருந்து விடுப்பை ரத்து செய்வதல்ல, செலவைப் பொதுவில் ஏற்பது. பேறுகாலச் செலவைத் தனித்தனி முதலாளியின் தலையில் கட்டாமல் காப்பீட்டிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இலேயே சொன்னது. இங்கே 26 வாரப் பேறுகாலக் கூலியை ஈ.எஸ்.ஐ.தான் தருகிறது. முதல் இரண்டு நாளுக்குப் பணமில்லை என்ற அதன் விதியை மாதவிடாய்க்கும் ஒரு நாள் நோய்க்கும் தளர்த்தி, மாதத்தின் ஒரு நாள் கூலியையும் ஈ.எஸ்.ஐ. நிதியிலிருந்தே தரலாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அத்திட்டத்துக்குள் வருவதால் ஆடைத் தொழிலாளர் ஏறக்குறைய எல்லாருக்கும் அது பொருந்தும். கூடவே, லீவு எடுத்த மாதத்தில் வருகைப் போனஸை வெட்டக்கூடாது, அன்றைய லைனின் டார்கெட்டை ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைக்க வேண்டும் என்ற இரண்டு வரிகள் விதிகளில் ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் ஜப்பானியப் பெண்களின் கணக்குதான் பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையிலும் வரும்.

இந்த ஆணை தொடாத பெண்கள் இருக்கிறார்கள். பெங்களூருவின் ஈஜிபுரா, நீலசந்திரா, ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளிலிருந்து அதிகாலையில் கிளம்பி நான்கைந்து வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவர்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். சென்னையில் பிறந்த ரூத் மனோரமா 1980-களில் பெங்களூரில் பெண்கள் குரல் என்ற அமைப்பைத் தொடங்கி வீட்டுப் பணியாளர்களைத் திரட்டினார். பின்னர் ஸ்த்ரீ ஜாக்ருதி சமிதியும் அதே வேலையைச் செய்தது. இந்த உழைப்பின் பலனாகத்தான் 2004-இல் கர்நாடகம் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. வீட்டுப் பணியாளர் சமூகப் பாதுகாப்புக்கான மசோதா வரைவொன்று 2025-இல் வெளியானது. கூலியில் 5 சதவீதம் வரை வீட்டுக்காரரிடம் நல நிதிக்கு வசூலிக்க அது வழி சொல்கிறது. ஒரு நாள் வரவில்லை என்றால் சம்பளத்தைப் பிடிக்கிற, மூன்று நாள் வரவில்லை என்றால் வேறு ஆள் பார்க்கிற வீடுகளில் மாதத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவை எப்படி வாங்குவது என்ற கேள்வியை அந்தச் சங்கங்கள் இனிமேல்தான் தீர்க்க வேண்டும். நல நிதி உருவானால், அந்த ஒரு நாள் கூலியை அதிலிருந்து கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை நடக்கக்கூடிய வழி.