யாரு எந்த வரியை மாத்தினா?

போன மே மாசம் ஆபீஸுக்கு ஒரு வாரம் லீவ் போட்டுட்டு குடிகாட்டுல பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கடலூர்ல இருந்து சிதம்பரம் போற ரோட்டுல, சிப்காட்டை ஒட்டி இருக்கிற ஊர். பக்கத்து வீட்டுப் பசங்க அஞ்சு பேர், பத்தாவது முடிச்சவங்க, "அக்கா, கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுங்க"ன்னு வந்து உட்கார்ந்துட்டாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை கூகுள் டாக்ஸ். ஒரு டாக்குமென்ட் திறந்து அஞ்சு போனுக்கும் லிங்க் அனுப்பினேன். தலைப்பு, 'எங்க ஊர்'. பத்து நிமிஷத்துல சண்டை. ஒருத்தி எழுதின வரியை ஒரு பையன் அழிச்சுட்டான். "நான் அழிக்கவே இல்லை"ன்னு சாதிக்கிறான். வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து காட்டினேன், மாட்டிக்கிட்டான். ஆனா அந்தப் பொண்ணு அவனைக் கண்டுக்கவே இல்லை. தன் வரிகள் மாறினதையே மேலயும் கீழயும் தள்ளிப் பார்த்துக்கிட்டு இருந்தா. "நோட்டுல சிவப்பு மையில சுழிச்சு மார்க் மட்டும்தான்க்கா வரும். நான் எழுதினது எப்படி மாறுதுன்னு இப்பதான் பார்க்கிறேன்"னா.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த எபிசோட். எழுத்தை இன்னொருத்தர் திருத்துறதும், திருத்தின தடம் அழியாம இருக்கிறதும் எங்கிருந்து வந்துச்சு?

ஓலையில அன்டூ கிடையாது

குடிகாட்டுல இருந்து தெற்கே போனா சிதம்பரம். ஆறுமுக நாவலர் 1864-ல் அங்க ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1924-ல் இருந்து 1927 வரைக்கும் அங்க மீனாட்சி தமிழ்க் கல்லூரியில முதல்வரா இருந்தவர் உ.வே.சாமிநாதையர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது அதுக்கப்புறம், 1929-ல்.

உ.வே.சா. செஞ்ச வேலையை ஒரு இன்ஜினியரா பார்த்தா எனக்கு மலைப்பா இருக்கு. ஓலைச்சுவடி காலாகாலத்துக்கும் தாங்காது. அதனால ஒருத்தர் பார்த்து இன்னொரு ஓலையில எழுதுவார். ஓலை கிழியும்னு புள்ளி வைக்க மாட்டாங்க. 'க'வா 'க்'கான்னு படிக்கிறவர்தான் முடிவு பண்ணணும். எகரமா ஏகாரமான்னும் தெரியாது. துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு பிரதியும் கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போகும். எங்க பாஷையில சொன்னா, ஒவ்வொரு ஓலையும் ஒரு தனி பிராஞ்ச். யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு எந்தப் பதிவும் கிடையாது.

1887-ல் சீவக சிந்தாமணியை அவர் பதிப்பிச்சப்போ, பல ஊர்ச் சுவடிகளைத் தேடி வாங்கி, பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டார். தன் பதிப்புகள்ல, 'வேறொரு பிரதியில இப்படி இருக்கு'ன்னு பாடபேதங்களையும் கொடுத்தார். தனக்குச் சரின்னு பட்டதை மட்டும் அச்சடிச்சுட்டு மத்ததைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடலை. படிக்கிறவங்களும் யோசிக்கட்டும்னு விட்டார். வெர்ஷன் ஹிஸ்டரிக்குத் தமிழ்ல ஏற்கெனவே ஒரு பேர் இருந்திருக்கு பாருங்க.

ஒரே வரியில ரெண்டு பேர்

இப்போ கடல் தாண்டுவோம். 1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ. டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு டெமோ காட்டினார். மவுஸ் அன்னைக்குத்தான் பொது மேடைக்கு வந்துச்சு. அதே டெமோவுல, தூரத்துல இருந்த இன்னொருத்தரோட ஒரே திரையில சேர்ந்து வேலையும் செஞ்சு காட்டினார். 1995-ல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை வெளியிட்டார். 2005-ல் ரைட்லின்னு ஒரு சின்ன கம்பெனித் தயாரிப்பு வந்துச்சு. அடுத்த வருஷமே கூகுள் அதை வாங்கினது. அதுல இருந்து வந்ததுதான் டாக்ஸ்.

இதுல கஷ்டம் என்னன்னா, ரெண்டு பேர் ஒரே நேரத்துல மாத்தினா என்ன பண்றது? 'குடிகாடு'ன்னு இருக்கு. நான் முன்னாடி 'எங்க'ன்னு சேர்க்கிறேன். அதே நொடியில நீங்க கடைசி எழுத்தை அழிக்கிறீங்க. உங்க கட்டளை சொல்ற இடத்துல இப்போ வேற எழுத்து இருக்கும். 1989-ல் எல்லிஸ், கிப்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி சொன்னாங்க: முதல் மாற்றத்துக்கு ஏத்த மாதிரி ரெண்டாவது மாற்றத்தோட இடத்தை நகர்த்திடு. யாரோட வேலையும் வீணாகாது. தமிழ்ல இன்னொரு சிக்கல். 'குடிகாடு' நமக்கு நாலு எழுத்து, யூனிகோடுல எட்டு குறியீடு. கு-வுல க தனி, உகரக் குறி தனி. பாதி எழுத்து அழிஞ்சு நிக்கிறதைப் பார்த்திருப்பீங்களே, காரணம் இதுதான்.

தமிழ் மாணவர்களுக்கு இந்தக் கூட்டு எழுத்து பெரிய அளவுல அறிமுகமானது 2010-ல். தமிழ் விக்கிப்பீடியா 2003-லயே தொடங்கியாச்சு. கோவையில நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி வெச்சது. தமிழ் இலக்கியம் படிக்கிறவங்க மட்டுமில்லாம, இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம் படிக்கிறவங்களும் அவங்கவங்க பாடத்தைத் தமிழ்ல எழுதினாங்க. ஆயிரத்துக்கும் மேல கட்டுரைகள் வந்துச்சு. பலது பிறகு விக்கிப்பீடியாவுல சேர்ந்தது. மார்க் போட்டு முடியுற கட்டுரை இல்லை இது. முன்பின் தெரியாத ஒருத்தர் நாளைக்கு வந்து உங்க சந்திப்பிழையைத் திருத்துவார், சான்று எங்கன்னு கேட்பார். 2012 டிசம்பர்ல தமிழ் இணைய மாநாடே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல நடந்துச்சு.

'மாசு அதிகம்'னா என்ன?

திரும்பக் குடிகாடு. நான் ஒரு விதி போட்டேன்: யாரும் யார் வரியையும் அழிக்கக் கூடாது, சஜஷன் மோட்ல மட்டும் எழுதலாம். பசங்க ரெண்டாவது நாள் எழுதின முதல் வரி, "எங்க ஊர்ல மாசு அதிகம்." அதுக்கு இன்னொரு பையன் ஓரத்துல கமென்ட் போட்டான்: "எப்போ? எப்படித் தெரியும்?" அவ மாத்தினா: "ராத்திரில நாத்தம் வரும்." அடுத்த கமென்ட்: "என்ன நாத்தம்? எந்தப் பக்கக் காத்து?" நாலாவது தடவை வந்த வரியில தேதி இருந்துச்சு, மணி இருந்துச்சு, காத்து வந்த திசை இருந்துச்சு, அன்னைக்கு அவ தம்பி இருமி எழுந்ததும் இருந்துச்சு.

பெரியம்மா எட்டிப் பார்த்துட்டு, "இதைத்தானே அப்பவே நோட்டுல எழுதுனாங்க"ன்னாங்க. 2004-ல் சிப்காட்டைச் சுத்தி இருக்கிற ஊர்க்காரங்க சமூக சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்னு ஒரு குழுவா சேர்ந்தாங்க. நாத்தம் வந்தா எப்போ, எங்க, எது மாதிரின்னு குறிச்சு வெச்சாங்க. அழுகின முட்டை மாதிரி, நெயில் பாலிஷ் மாதிரின்னு. ஒரு வாளிக்குள்ள பை வெச்சுக் காத்தைப் பிடிச்சு ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. 'மாசு அதிகம்'னு சொன்னா எந்த அதிகாரியும் தலையாட்டிட்டுப் போயிடலாம். தேதி, மணி போட்ட வரிக்குப் பதில் சொல்லணும். 'எப்போ, எந்தப் பக்கம்'னு கேட்ட அந்தப் பையனும் அதே வேலையைத்தான் செஞ்சான்.

எல்லாம் சரியா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். வேகமா டைப் பண்றவனே பாதி பக்கத்தை நிரப்பினான். ஒரு பொண்ணு, எல்லாரும் பார்க்கிறாங்கன்னு கை வராம, வீட்டுல நோட்டுல எழுதிட்டு ராத்திரி வந்து ஏத்துவா. அதனால விதியை மாத்தினோம்: முதல் வரைவு தனியா, திருத்தம் கூட்டா.

நான் கிளம்பின அன்னைக்கு டாக்குமென்ட் ஒன்றரைப் பக்கம். 'எங்க ஊர்'ங்கிற தலைப்பை அடிச்சுட்டு, அந்தப் பொண்ணு சஜஷன்ல 'மனு'ன்னு போட்டிருந்தா. கீழ நாலு பேரும் சம்மதம் சொல்லியிருந்தாங்க. அழிச்ச பையனும்தான். யார் பேருக்கு எழுதணும், எந்த ஆபீஸ்ல கொடுக்கணும்னு இன்னும் கமென்ட்ல பேசிக்கிட்டு இருக்காங்க. நேத்து ராத்திரிகூட எனக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் வந்துச்சு: "அக்கா, மூணாவது வரியில தேதி சரியா பாருங்க."

பார்க்கணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.