மூன்று பேரரசுகளும் ஒரு பன்றித் துண்டும்

பெல்கிரேடில் ஏதாவது ஒரு பழைய பாணி உணவகத்துக்குள் நுழைந்தால் மெனுவில் 'கராஜோர்ஜேவா ஷ்னித்ஸ்லா' இருக்கும். செர்பியப் பாரம்பரிய உணவு என்பார்கள். பேரைக் கேட்டா ஏதோ இருநூறு வருஷத்துச் சங்கதின்னு தோணும். உண்மையில் அதற்கு வயசு எழுபதை ஒட்டித்தான்.

செய்முறை எளிது. பன்றி இறைச்சியை அகலமாக வெட்டி, மெல்லிசாகத் தட்டி, நடுவில் கைமாக் வைக்க வேண்டும். கைமாக் என்பது காய்ச்சிய பாலின் ஆடையைச் சேர்த்து உப்பிட்டுப் புளிக்கவிட்டது. வெண்ணெய்க்கும் சீஸுக்கும் நடுவில் நிற்கும். இறைச்சியை இறுக்கமாகச் சுருட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, மாவு, முட்டை, ரொட்டித்தூள் என்ற வரிசையில் புரட்டி எண்ணெயில் பொரிக்கணும். மடிப்பு சரியில்லைன்னா கைமாக் உருகி வெளியே வந்து எண்ணெய் தெறிக்கும்.

1948இல் டிட்டோவும் ஸ்டாலினும் முறித்துக்கொண்டார்கள். 1955இல் குருஷேவ் பெல்கிரேடுக்கு வந்து சமாதானம் பேசினார். சோவியத் விருந்தாளிகள் மறுபடி வரத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒருவர் 'சிக்கன் கீவ்' கேட்டார் என்பது கதை. நல்ல கோழி கைவசம் இல்லை. சமையல்காரர் மிச்சா ஸ்டோயானோவிச் கன்று இறைச்சியை எடுத்து, வெண்ணெய்க்குப் பதில் கைமாக்கை வைத்துச் சுருட்டினார். டார்ட்டர் சாஸும் எலுமிச்சையும் வைத்து அலங்கரித்த தட்டு, 'கராஜோர்ஜே நட்சத்திரம்' என்ற பதக்கம் மாதிரி இருந்ததாம். பேர் ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அந்தப் பதக்கத்தை 1904இல் நிறுவியவர் மன்னர் முதலாம் பீட்டர். அவருடைய வம்சத்தின் முடியாட்சியை 1945 நவம்பர் 29 அன்று கம்யூனிஸ்டுகள் ஒழித்துவிட்டார்கள். மன்னர் குடும்பம் நாட்டுக்கு வெளியே. மன்னரின் பதக்கம் சோஷலிச நாட்டின் சாப்பாட்டுத் தட்டில்!

கராஜோர்ஜே யார்? 1804இல் ஒட்டோமான்களுக்கு எதிரான முதல் செர்பியக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர். அதற்கு முன் அவர் பன்றி வியாபாரி. ஷுமாதியாவின் ஓக் காடுகளில் மேய்ந்து கொழுத்த பன்றிகளை ஆஸ்திரியப் பக்கம் விற்றவர்களில் ஒருவர். பின்னாளில் செர்பியாவின் பொருளாதாரமே இந்த ஏற்றுமதியை நம்பியிருந்தது. அதனால்தான் 1906இல் ஆஸ்திரியா-ஹங்கேரி தன் எல்லையைச் செர்பியப் பன்றிக்கு மூடியது. வரலாற்றில் அதற்குப் பேரே 'பன்றிப் போர்'. செர்பியா பணியவில்லை, வேற சந்தை தேடிக்கிச்சு. இரண்டு நாடுகளுக்கும் இடையே அன்று ஏறிய கசப்பு 1914 வரை இறங்கவில்லை.

கன்றில் தொடங்கிய உணவு இன்று பெரும்பாலும் பன்றியில் செய்யப்படுகிறது. பன்றி வியாபாரியின் பேருக்கு அதுவே பொருத்தம்.

இப்போது தட்டைப் பிரித்துப் பாருங்கள். ரொட்டித்தூள் பூச்சும் 'ஷ்னித்ஸ்லா' என்ற சொல்லும் வியன்னா பக்கத்திலிருந்து வந்தவை. உள்ளே அடைத்துச் சுருட்டும் முறை ரஷ்யர்களுடையது. 'கைமாக்' துருக்கிச் சொல். கராஜோர்ஜே பெயரில் உள்ள 'கரா'கூட துருக்கியில் 'கறுப்பு' என்று பொருள்படும். செர்பியாவை நூற்றாண்டுகளாக நெருக்கிய மூன்று பேரரசுகளும் அந்த ஒரு சுருளில் இருக்கின்றன.

"இது எங்க பாரம்பரியம், வெளிக்கலப்பே கிடையாது"ன்னு யாராவது உணவை வைத்துச் சண்டைக்கு வந்தால், இந்தச் சுருளை நினைத்துக்கொள்ளலாம். இதில் வெளியிலிருந்து வந்ததையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது தட்டிவைத்த ஒரு துண்டு பச்சை இறைச்சிதான். செர்பியர்கள் அதைத் தங்களுடையது என்று சொல்வதில் தப்பே இல்லை. சுருட்டியது அவங்கதானே.