நூற்றில் ஆறு: கிரான்ஃபீல்டிலிருந்து டிராம்பே வரை, தொழில்நுட்ப ஆவண முறைகளை மதிப்பிட்ட வரலாறு

தொழில்நுட்ப ஆவணங்களைப் பேணுவதற்கு உள்ளடக்க மேலாண்மை மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்கள் பொதுவாக ஓர் அட்டவணையில் தொடங்குகின்றன. இடப்பக்கம் வசதிகளின் பட்டியல், மேலே மென்பொருள்களின் பெயர்கள், கட்டங்களுக்குள் 'உண்டு', 'இல்லை' என்னும் குறிப்புகள். பதிப்புக் கட்டுப்பாடு, அணுகல் உரிமை, தேடல், மொழிபெயர்ப்பு என்று வரிசை நீளும். கடைசி வரியில் விலை இருக்கும். கட்டங்களைக் கூட்டிப் பார்த்து முடிவெடுத்தால் மதிப்பீடு முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆனால் இந்தக் கேள்வி இன்றைய மென்பொருள்களைவிட மூத்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த விடை, இந்த அட்டவணையின் அடிப்படையையே ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. அந்த விடையின் பொருளை விளக்கிக் காட்டும் களங்களுள் ஒன்று மும்பையின் செம்பூரை அடுத்த டிராம்பே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழில்நுட்ப அறிவு நூல்களில் அல்லாமல் அறிக்கைகளில் பெருகியது. அறிக்கைகளுக்குப் பதிப்பகம் இல்லை; விற்பனைப் பட்டியல் இல்லை; பல வேளைகளில் ஆசிரியர் பெயரும் முதன்மையாக இல்லை. எண்ணும் நிறுவனத்தின் சுருக்கெழுத்துமே அடையாளம். இந்த வெள்ளம் மும்பைக்கும் வந்தது. மாட்டுங்காவில் 1923 முதல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனமும், 1943 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் தொழில்நுட்பத் துறையும் இயங்கிவந்தன. 1950களின் நடுவில் செம்பூரைத் தாண்டிய மாகுல் பகுதியில் இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1956 ஆகஸ்ட் 4 அன்று அங்கே அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. உலை ஒன்றைக் கட்டுபவருக்குத் தேவையான தகவல் நூலகத்தின் நூல் வரிசையில் நேராகக் கிடைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட உலோகக் கலவை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், கதிர்வீச்சின்கீழ் எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற கேள்விக்கு ஏதோ ஓர் அறிக்கையின் நடுவில் ஒரு பத்தி விடை சொல்லக்கூடும். அந்தப் பத்தியைக் கண்டெடுப்பதே ஆவணவியல் என்னும் துறையின் பணியானது.

இத்தகைய கூட்டுக் கேள்விகளுக்குக் கோட்பாட்டு அளவில் விடை தந்தவர்களில் முதன்மையானவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். இலண்டனில் ஓர் அங்காடியில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைக் கண்டபோது, சில அடிப்படைத் துண்டுகளைத் திருகாணியால் இணைத்து எண்ணற்ற பொருள்களை உருவாக்கலாம் என்னும் உண்மையை நூற்பகுப்புக்கு மாற்றினார். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அதன் விளைவு. அதுவரை வழங்கிய முறைகள் உலகின் பாடங்களை எல்லாம் முன்கூட்டியே பட்டியலிட முயன்றன. ரங்கநாதன் பாடத்தை முகப்புகளாகப் பிரித்து, தேவைக்கேற்ப இணைத்தார். உலோகம், வெப்பநிலை, கதிர்வீச்சு என்று தனித்தனியே நிற்கும் கருத்துகளை ஒரு குறியீட்டில் கோக்க இம்முறை இடங்கொடுத்தது.

கோட்பாடு அழகானது என்பதால் அது பயனுடையது என்று ஆகிவிடாது. அதைச் சோதித்தவர் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் இருந்த வானூர்தியியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் 1957இல் தொடங்கிய அவருடைய திட்டம், தொழில்நுட்ப ஆவண முறைகளை அளந்து ஒப்பிட்ட முதற் பெரும் முயற்சி. வானூர்தியியல் சார்ந்த 18,000 ஆவணங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவை நான்கு முறைகளில் சுட்டியிடப்பட்டன: உலகப் பொதுத் தசமப் பகுப்பு, அகரவரிசைப் பொருள் தலைப்புகள், ரங்கநாதனின் சிந்தனை வழியில் அமைந்த முகப்புப் பகுப்பு, தனிச்சொற்களை மட்டும் பயன்படுத்தும் யூனிடெர்ம். மூன்று சுட்டியிடுபவர்கள் பணியாற்றினர். ஓர் ஆவணத்துக்கு 2 நிமிடம் முதல் 16 நிமிடம் வரை கால அளவு மாற்றி மாற்றி வரையறுக்கப்பட்டது. பின்னர் 1,200 வினாக்கள் இந்த நான்கு சுட்டிகளின் முன்னும் வைக்கப்பட்டன.

1962இல் வெளியான முடிவு, ஒவ்வொரு முறையின் ஆதரவாளரையும் ஏமாற்றியது. யூனிடெர்ம் 82 விழுக்காடு, அகரவரிசைத் தலைப்புகள் 81.5, தசமப் பகுப்பு 75.6, முகப்புப் பகுப்பு 73.8. கோட்பாட்டு நுட்பம் மிகுந்த முறை கடைசியில் நின்றது. எளிமையான முறை முதலில் வந்தது. ஆயினும் முதலுக்கும் கடைசிக்கும் இடையே இருந்த வேறுபாடு சுமார் 8 புள்ளிகள் மட்டுமே. பல்லாண்டுகளாக நடந்த 'எம்முறையே சிறந்தது' என்னும் வாதத்தை நோக்க, அது சிறிய வேறுபாடு.

இதைவிட முக்கியமான பணியைக் கிளெவர்டன் அதன் பிறகு செய்தார். தேடல் தோற்ற நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தோல்விக்குக் காரணம் எது என்று வகைப்படுத்தினார். வினாவின் குறையால் நேர்ந்தவை 17 விழுக்காடு, தேடியவரின் பிழையால் நேர்ந்தவை 17 விழுக்காடு, சுட்டியிடுதலில் நேர்ந்தவை 60 விழுக்காடு. முறையின் மேல் சுமத்தத்தக்க தோல்விகள் 6 விழுக்காடு மட்டுமே. ஆவணத்தைப் படித்து, 'இது எதைப் பற்றியது' என்று ஒருவர் முடிவுசெய்யும் கணத்திலேயே பெரும்பாலான தோல்விகள் விதைக்கப்பட்டிருந்தன.

இச்சோதனை மறுப்புகளைச் சந்திக்காமல் இல்லை. வினாக்கள் அந்தத் தொகுப்பில் இருந்த ஆவணங்களை வைத்தே ஆக்கப்பட்டவை. ஆகவே அவை உண்மையான வாசகரின் கேள்விகள் அல்ல என்ற கண்டனம் நியாயமானது. கிளெவர்டன் அதை ஏற்று, 1963க்கும் 1966க்கும் இடையில் இரண்டாம் சோதனையை வடிவமைத்தார். இம்முறை 1,400 ஆவணங்கள். அப்போது கட்டுரை எழுதியிருந்த ஆய்வாளர்களையே அணுகி, அவர்களுடைய ஆய்வை இயக்கிய கேள்விகள் பெறப்பட்டன. அம்முடிவும் முந்தைய திசையிலேயே சென்றது. ஆவணத்தின் சொற்களையே கவனமாகத் தேர்ந்து பயன்படுத்திய எளிய சுட்டி, நுட்பமாகக் கட்டமைக்கப்பட்ட சொற்பட்டியல்களுக்குப் பின்தங்கவில்லை. சில அளவீடுகளில் முந்தியும் நின்றது.

இந்தப் பின்னணியில் டிராம்பேயின் அனுபவம் பொருள் பெறுகிறது. அணுவியல் ஆவணங்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய முதன்மைக் கருவியாக 1948 முதல் இருந்தது, அமெரிக்க அணுசக்தி ஆணையம் வெளியிட்ட நியூக்ளியர் சயின்ஸ் அப்ஸ்டிராக்ட்ஸ் என்னும் சுருக்கக் குறிப்பு இதழ். பயன்பாட்டில் சிறந்தது, ஆனால் ஒரே நாட்டின் கையில் இருந்தது. எந்த ஆவணம் இடம்பெறும், எந்தச் சொல்லால் விவரிக்கப்படும் என்பவற்றை அந்நாடு முடிவுசெய்தது. பன்னாட்டு அணுசக்தி முகமை 1970இல் தொடங்கிய ஐனிஸ் என்னும் பன்னாட்டு அணுசக்தித் தகவல் முறைமை வேறு வழியைத் தேர்ந்தது. ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் தோன்றும் ஆவணங்களைத் தானே திரட்டி, பொது விதிகளின்படி விவரித்து, பொதுச் சொற்களஞ்சியத்தின் சொற்களால் சுட்டியிட்டு வியன்னாவுக்கு அனுப்ப வேண்டும். ஒன்றுசேர்ந்த தொகுப்பு எல்லா உறுப்பு நாடுகளுக்கும் திரும்பி வரும். இந்தியாவுக்கான மையம் டிராம்பேயில், 1967 முதல் பாபாவின் பெயரைத் தாங்கிய அணு ஆராய்ச்சி மையத்தில் அமைந்தது. 1976இல் அமெரிக்க இதழ் நிறுத்தப்பட்டு, அதன் இடத்தை ஐனிஸ் ஏற்றது.

கிரான்ஃபீல்டின் கண்ணால் பார்த்தால் ஐனிஸின் வெற்றிக்குக் காரணம் கணினியோ காந்த நாடாவோ அல்ல. தோல்வியின் 60 விழுக்காடு எங்கே பிறக்கிறதோ, அந்த இடத்திலேயே அது தன் உழைப்பைக் குவித்தது. ஓர் இந்திய அறிக்கையை, அதன் துறையையும் அது பிறந்த நிறுவனத்தையும் அறிந்தவர் விவரித்தார். பொதுச் சொற்களஞ்சியம் கட்டாயமாக்கப்பட்டது. பல நாட்டவர் பல மொழி ஆவணங்களை ஒரே தொகுப்பில் சேர்க்கும்போது அது தவிர்க்க முடியாதது. எந்தச் சொல்லை எப்போது பயன்படுத்துவது என்பதற்கு விரிவான கையேடுகள் எழுதப்பட்டன. முறையைக் காட்டிலும் அதில் பணியாற்றுபவர்க்கான பயிற்சியே மையமாக இருந்தது.

ஆவணம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி வெறும் நூலகவியல் கேள்வி அல்ல என்பதை அதே பத்தாண்டு காட்டியது. ராஜஸ்தான் அணுமின் நிலையத்தின் முதல் அலகு கனடாவின் வடிவமைப்பைக் கொண்டு எழுந்து, 1973இல் வணிக இயக்கத்தைத் தொடங்கியது. 1974 மே மாதப் பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா தன் ஒத்துழைப்பை நிறுத்தியது. பாதியில் நின்ற இரண்டாம் அலகை இந்தியப் பொறியாளர்கள் தம் முயற்சியில் முடித்து 1981இல் வணிக இயக்கத்துக்குக் கொண்டுவந்தனர். அதே மரபில் கல்பாக்கத்தின் முதல் அலகு 1983இல் இயங்கத் தொடங்கியது. உதவி நின்றுபோன நிலையில், கையிருப்பில் உள்ள வரைபடமும் விவரக்குறிப்புமே பொறியாளருக்குத் துணை. வடிவமைத்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வழியில்லாத நாளில்தான் ஓர் ஆவணத் தொகுப்பின் தரம் வெளிப்படுகிறது.

அடுத்த பாடம் மேசைக் கணினிகளுடன் வந்தது. யுனெஸ்கோ 1985இல் வெளியிட்ட நுண்கணினிக்கான சிடிஎஸ்/ஐசிஸ் மென்பொருள், இந்தியாவில் நிசாட் திட்டத்தின் வழியாக நூலகங்களுக்கும் ஆவண மையங்களுக்கும் பரவியது. கட்டணமற்றது; நீளம் மாறும் புலங்களையும் மீண்டும் வரும் புலங்களையும் ஏற்றது. எந்தப் புலங்கள் வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரே வரையறுக்கலாம். அந்த உரிமையே பின்னாளில் சுமையாகவும் மாறியது. பொது வடிவங்களைப் பின்பற்றிய மையங்கள், ஐஎஸ்ஓ 2709 என்னும் பரிமாற்றத் தரத்தின் வழியே தம் பதிவுகளை ஏற்றுமதி செய்து, கோஹா போன்ற பிந்தைய மென்பொருள்களுக்கு இடம்பெயர முடிந்தது. தனக்கு மட்டுமே புரியும் புலப் பெயர்களையும் குறியீடுகளையும் வகுத்துக்கொண்ட தொகுப்பில், மென்பொருளின் ஏற்றுமதி வசதி இருந்தும் பொருள் இடம்பெயராது. '24ஆம் புலம்' எதைக் குறித்தது என்று அறிந்த அலுவலர் ஓய்வுபெற்ற நாளில் அந்தத் தொகுப்பின் ஒரு பகுதியும் ஓய்வுபெற்றுவிடுகிறது.

இன்றைய தொழில்நுட்ப ஆவண மென்பொருள்கள் வேறு தலைமுறையைச் சேர்ந்தவை. 1986இல் தரமான எஸ்ஜிஎம்எல், 1998இல் வந்த எக்ஸ்எம்எல், 2005இல் ஓயாசிஸ் அமைப்பு ஏற்ற டிட்டா ஆகியவை கையேட்டைச் சிறு தலைப்பு அலகுகளாகப் பிரித்து, தேவைக்கேற்ப இணைக்க வழிசெய்கின்றன. ரங்கநாதனின் மெக்கானோ பெட்டியோடு இதற்கு நேரடி வழிமரபு இல்லாவிட்டாலும் சிந்தனை ஒன்றே. அதனால் பழைய எச்சரிக்கையும் இதற்குப் பொருந்தும். ஓர் அலகு எந்த இயந்திரத்துக்கு, எந்தப் பதிப்புக்கு, எந்தப் பணியாளருக்கு உரியது என்பதை ஒருவர் குறிக்க வேண்டும். அக்குறிப்பு தவறினால், பம்பு ஒன்றின் பழைய பதிப்புக்கான எச்சரிக்கை புதிய பதிப்பின் கையேட்டில் சென்று அமரும். மென்பொருள் அதை மிகத் திறமையாகவே அங்கே கொண்டுசேர்க்கும்.

இவ்வரலாறு மதிப்பீட்டுக்கு ஒரு நடைமுறையையும் தருகிறது. நிறுவனத்தின் சொந்த ஆவணங்களில் சில நூற்றைத் தேர்ந்து, அங்கே பணிபுரிவோரைக்கொண்டே விவரிக்கச் செய்யலாம். பணிமனையிலும் ஆய்வகத்திலும் உண்மையில் எழுந்த கேள்விகளைத் திரட்டித் தேடிப் பார்க்கலாம். கிடைக்காத ஒவ்வொன்றுக்கும் காரணம் எது என்று கிளெவர்டனைப் போல வகைப்படுத்தலாம். இறுதியாக, முழுத் தொகுப்பையும் வெளியே எடுத்து வேறொரு மென்பொருளில் ஏற்றி, பொருள் சிதையாமல் வருகிறதா என்று பார்க்கலாம். இவற்றில் எதுவும் வசதி அட்டவணையின் கட்டங்களில் அடங்குவதில்லை.

விலைப்புள்ளி கோரும் அறிவிப்புகளில் மென்பொருளுக்கு நிதி ஒதுக்கப்படுகிறது. சுட்டியிடுபவர் என்னும் பணியிடத்துக்கு ஒதுக்கப்படுவது அரிது. நூற்றில் ஆறு பங்குக்கு முழுக் கவனமும், அறுபது பங்குக்கு எஞ்சிய நேரமும் கிடைக்கின்றன. பின்னர்த் தேடல் தோற்கும்போது மென்பொருள் குற்றஞ்சாட்டப்பட்டு மற்றொன்று வாங்கப்படுகிறது. கிரான்ஃபீல்டின் கணக்கு வெளியாகி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்தச் செலவுக் கணக்கு இன்னும் திருத்தப்படவில்லை.