கலையே மொழியாய் நின்ற நாடு

நைல் ஆறு என்றவுடன் நம் நினைவில் எழுவது எகிப்து நாடே. அதே ஆற்றின் கரையில், எகிப்துக்குத் தெற்கே, மற்றொரு பெருநாகரிகம் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் தழைத்திருந்தது என்பதைப் பலரும் அறியார். இன்றைய சூடான் நாட்டின் வடபகுதியில் விளங்கிய குஷ் நாடே அது. அங்குள்ளோரின் வில்லாற்றல் கருதி எகிப்தியர் அப்பகுதியை 'வில்லின் நாடு' என்றும் வழங்கினர். கெர்மா, நப்பாட்டா, மெரோவே ஆகிய மூன்று நகரங்கள் அடுத்தடுத்து அந்நாட்டுக்குத் தலைமை தாங்கின.

குஷ் மக்கள் நெடுங்காலம் எகிப்திய எழுத்தையே கையாண்டனர். பின்னர் மெரோவேக் காலத்தில் தம் மொழிக்கென 23 குறிகள் கொண்ட எழுத்துமுறை ஒன்றை வகுத்துக்கொண்டனர். அக்குறிகளின் ஒலிகளை ஆங்கில அறிஞர் கிரிஃபித் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தார். எனினும், அம்மொழியின் பெரும்பகுதிக்கு இன்றும் பொருள் விளங்கவில்லை. படிக்கலாம், புரிந்துகொள்ள இயலாது. ஆகவே, அம்மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர்க்குப் பானையும் சிலையும் கோயிற் சுவருமே தலையாய சான்றுகளாகின்றன.

முதலில் பானையைக் காண்போம். கி.மு. 2500 அளவில் எழுச்சி பெற்ற கெர்மா நகரத்துக் குயவர்கள், சக்கரத்தின் துணையின்றிக் கையாலேயே மிக மெல்லிய கலங்களை வனைந்தனர். அடிப்பகுதி செம்மை, வாய்ப்பகுதி கருமை, இடையே வெள்ளி போன்ற சாம்பல் நிறக் கீற்று. இத்தகைய கலங்கள் இறந்தோரின் குழிகளில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மாண்டவர்க்கு உணவும் நீரும் படைக்கும் கடமையிலிருந்தே இவ்வழகு பிறந்தது எனலாம். கெர்மாவின் சமாதி மேடு ஒன்றைச் சுற்றி 4,000-க்கும் மேற்பட்ட மாட்டு மண்டையோடுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கால்நடையே செல்வமாகக் கொண்ட ஒரு சமுதாயம், தன் தலைவனுக்குச் செலுத்திய இறுதி மரியாதை அது.

அடுத்து, சிலை. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் குஷ் மன்னன் பியே எகிப்தை வென்றான். அவன் வழிவந்த தகர்க்கா கி.மு. 690 முதல் 664 வரை இரு நாடுகளையும் ஆண்டான். காவா என்னும் இடத்தில் கிடைத்த தகர்க்காவின் சிற்பம், சிங்க உடலும் மனித முகமும் கொண்டது. வடிவம் எகிப்தியருடையது, முகமோ குஷ் மன்னனுடையது. நெற்றியில் ஒன்றுக்கு இரண்டாக நாகங்கள் படமெடுக்கின்றன. இரு நாடுகளின் ஆட்சியை அவை குறிப்பன என்பர் அறிஞர். பிறரிடம் கற்றுக்கொள்வதும், கற்றதில் தம் முகத்தை இழக்காதிருத்தலும் ஒருங்கே கைவரப் பெற்றவர்கள் அம்மக்கள்.

மெரோவேக் காலத்தில் இத்தன்மை மேலும் ஓங்கிற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் நடகமானி என்னும் அரசனும் அமானிதோரே என்னும் அரசியும் நகா என்னுமிடத்தில் சிங்கமுகக் கடவுளாகிய அபெடெமாக்குக்குக் கோயில் எடுத்தனர். வாயிற்கோபுரத்தின் ஒருபுறம் அரசனும் மறுபுறம் அரசியும் பகைவரை அடித்து வீழ்த்துகின்றனர். இருவரும் ஒரே உயரம். அரசியின் உடல் பருத்து, பெருமிதம் தோன்ற நிற்கின்றது. ஆட்சியில் பெண்ணுக்கிருந்த இடத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கல்வெட்டு உரைக்கும்?

கலையின் ஆற்றலை அவர்கள் எவ்வளவு நம்பினர் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. உரோமப் பேரரசர் அகஸ்டசின் வெண்கலத் தலை ஒன்றைப் போரில் கைப்பற்றி, மெரோவேயில் ஒரு கோயிலின் வாயிற்படிக்குக் கீழே புதைத்தனர். உள்ளே செல்வோர் ஒவ்வொருவரும் அப்பேரரசரை மிதித்தே செல்ல வேண்டியதாயிற்று. 1910-இல் அது தோண்டி எடுக்கப்பட்டது.

இத்துணைச் சிறப்பும் அம்மக்களுடையதே என்று ஏற்க வெளியுலகம் நெடுங்காலம் தயங்கியது. 1834-இல் பெர்லினி என்னும் இத்தாலியர் அமானிஷகேட்டோ அரசியின் பிரமிடை இடித்து, உள்ளிருந்த பொன்னணிகளை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார். அத்தகைய நுண்வேலைப்பாடு ஆப்பிரிக்காவில் தோன்றியிருக்குமா என ஆங்கே பலர் ஐயுற்றனர். 1913 முதல் கெர்மாவை அகழ்ந்த அமெரிக்க அறிஞர் ரைஸ்னர், ஆங்குக் கிடைத்த எகிப்தியச் சிலைகளைக் கொண்டு, அந்நகரம் எகிப்திய ஆளுநர்களின் இருப்பிடம் என முடிவு செய்தார். அச்சிலைகள் எகிப்திலிருந்து கவர்ந்து வரப்பட்டவை என்பதும், கெர்மா குஷ் மன்னர்களின் சொந்தத் தலைநகரம் என்பதும் பின்னரே தெளிவாயின. சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல்ஸ் பொன்னே பல ஆண்டுகள் உழைத்து இதனை நிலைநாட்டினார். 2003-இல் அவர் குழுவினர் கெர்மாவுக்கு அருகே, உடைத்துப் புதைக்கப்பட்டிருந்த ஏழு மன்னர் சிலைகளையும் கண்டெடுத்தனர்.

இந்தியராகிய நாமும் இங்கு ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். நகா கோயிலின் பின்சுவரில் அபெடெமாக் மூன்று சிங்கத் தலைகளும் நான்கு கைகளும் கொண்டு விளங்குகின்றார். இது இந்தியாவிலிருந்து சென்ற வடிவம் எனச் சில அறிஞர் முன்பு கருதினர். கேட்க நமக்கு இனிக்கும். ஆயினும் அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. இருபுறமிருந்தும் வணங்க வரும் அரச குடும்பத்தாரை ஒரே கடவுள் ஒருங்கே ஏற்பதைக் காட்டவே சிற்பி அவ்வாறு அமைத்தான் என்பதே பொருத்தமான விளக்கம். நம் பெருமைக்காகப் பிறர் கைவண்ணத்தை நமதாக்கிக் கொள்வதும் பெர்லினியின் கடப்பாரை போன்றதே அன்றோ?

அக்கலைச் செல்வத்திற்கு நம் காலத்திலும் தீங்கு நேர்ந்தது. அஸ்வான் பேரணை கட்டப்பட்டபோது நீரில் மூழ்கவிருந்த கோயில்களைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொணர்ந்து, கார்ட்டூம் நகரில் தேசிய அருங்காட்சியகம் அமைத்தனர். 1971-இல் அது திறக்கப்பெற்றது. வெள்ளத்திலிருந்து காத்தவற்றைப் போரிலிருந்து காக்க இயலவில்லை. 2023 ஏப்ரலில் மூண்ட உள்நாட்டுப் போரில் அவ்வருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. பொன்னணிகள் உள்ளிட்ட எண்ணற்ற பொருள்கள் களவு போயின.

வேறு நாட்டில் ஓர் அருங்காட்சியகம் கொள்ளை போனால் அது செய்தித்தாளின் ஒரு மூலைச் செய்தி. ஆனால், சொற்களின் பொருளை இழந்துவிட்ட ஒரு மக்களுக்கு அப்பானைகளும் பதுமைகளுமே எஞ்சிய மொழி. அவற்றுள் ஒன்று மறையும்போது ஒரு சொல் மறைகின்றது. தாய்மண்ணை விட்டு வந்தும் தாய்மொழியைப் பேணி வரும் நமக்கு, அவ்விழப்பின் அளவை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.